கேஸ் எத்தனை கிராம் போட்டீர்கள்?

"போன மாசம்தான் கேஸ் போட்டோம் தம்பி. மறுபடியும் கூலிங் இல்ல" என்றார் இனிப்புக் கடை அண்ணாச்சி. பால் இனிப்புகள் வைக்கும் இரட்டைக் கதவு விசிகூலர் (கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்) அது. போய்ப் பார்த்தால், கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பி வரும் சக்‌ஷன் குழாயில் படிந்த பனி கம்ப்ரஸர் வரை வந்திருந்தது. சூடாக இருக்க வேண்டிய கம்ப்ரஸர் குளிர்ந்து வியர்த்துக் கிடந்தது. பெயர்ப்பலகையில் ஆர்134ஏ (குளிரூட்டும் கேஸின் பெயர்), 450 கிராம் என்று இருக்கிறது. உள்ளே இருந்ததை ரெக்கவரி சிலிண்டருக்கு இழுத்துத் தராசில் வைத்தேன். 640 கிராம்!

முதலில் கூலிங் குறைந்ததற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் சேர்ந்து, சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரைக் கம்பளி போலப் போர்த்தியிருந்தன. அதைக் கழுவாமல் கேஸை ஏற்றிவிட்டார்கள். கேபிலரி என்ற மெல்லிய குழாய் வைத்த மெஷினில் கூடுதல் கேஸ் ஒதுங்கி நிற்க ரிசீவர் தொட்டி கிடையாது. அது திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி வந்து ஆயிலைக் கரைத்துவிடும். இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் அண்ணாச்சி கம்ப்ரஸரையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

"பிரஷர் கேஜ் பார்த்துத்தானே போட்டோம்" என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் சமையல் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று சிலிண்டரைத் தூக்கித்தானே பார்க்கிறோம்? இதுவும் அப்படித்தான். நிறுத்தி வைத்த மெஷினில் திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை கேஜ் காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. 30 டிகிரியில் ஆர்134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் 97, 640 இருந்தாலும் 97. சரி, ஓடும்போது பார்க்கலாமா? பெட்டி சூடாக இருக்கும்போது பேக் பிரஷர் (கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் பக்கத்து அழுத்தம்) தானாகவே ஏறி நிற்கும், குளிரக் குளிர இறங்கும். மதியம் பார்த்த அளவு ராத்திரி பொருந்தாது.

இன்னொரு இடம், மீன் வைக்கும் குளிர் அறை. அதில் ஆர்404ஏ கேஸ். குழாயில் ஓடும் திரவத்தைக் காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழி தெரிந்ததால் ஒவ்வொரு தடவையும் கேஸ் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் இரண்டு முனைகளையும் கையால் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போகும் பக்கம் வெதுவெதுப்பு, வெளியே வரும் பக்கம் சில்லென்று ஈரம். டிரையர் அடைத்திருக்கிறது! அடைப்பைத் தாண்டும்போது அழுத்தம் விழுந்து, திரவம் அங்கேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குமிழிதான் கண்ணாடியில் தெரிந்தது. டிரையரை மாற்றினோம், கூடுதல் கேஸை வெளியே எடுத்தோம், அப்புறம் கண்ணாடி தெளிந்தது.

நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால், எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். சீல் செய்த மெஷினில் கேஸ் தீர்ந்துபோகாது. நட்டிலோ பிரேசிங் பற்றவைப்பிலோ ஆயில் கறை தெரிகிறதா பாருங்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வையுங்கள். அடைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வேக்யூம் பம்பை, அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்வரை ஓட விடுங்கள். பம்பை நிறுத்தியும் அது ஏறாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தராசு. ஆர்404ஏ மூன்று கேஸ்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். ஓடும் மெஷினில் சக்‌ஷன் பக்கம் போடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

அந்தந்த இடத்திலேயே குழாய் இழுத்துப் பொருத்திய பெரிய அறைக்கு எல்லா நேரமும் பெயர்ப்பலகை உதவாது. 3/8 அங்குல லிக்விட் லைனில் (திரவம் போகும் குழாய்) மட்டும் மீட்டருக்குச் சுமார் 50 கிராம் ஆர்404ஏ நிற்கும். குழாய் நீளத்தைக் கணக்கில் சேர்த்து, கடைசியில் சப்கூலிங் (திரவம் தன் கொதிநிலைக்குக் கீழே எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்பது) பார்த்து முடிக்க வேண்டும்.

இப்போது வருகிற ஆர்290 மெஷின்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும். சின்னப் பெட்டிகளில் மொத்தமே 150 கிராமுக்குள்தான் இருக்கும். கேஜ் ஹோஸில் தங்குகிற கேஸே அங்கே பெரிய பிழையாகிவிடும். கிராம் சரியாகக் காட்டும் தராசும் அதற்கான பயிற்சியும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

எடுத்த கேஸைக் காற்றில் விடவும் வேண்டாம். ஒரு கிலோ ஆர்404ஏ பூமியைச் சூடாக்குவது ஏறக்குறைய 3.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக் கிளம்பும் முன் "எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால், மார்க்கரால் மெஷின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அண்ணாச்சியின் விசிகூலர் முதுகில் நான் எழுதியது தேதி, ஆர்134ஏ, 450. அதற்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'மாதம் ஒருமுறை கண்டென்ஸர் தூசி தட்டவும்.'