வாஃபிள் ஏன் நமுத்துப்போகிறது?

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து கடற்கரை நகரான டர்பனுக்குக் குடிமாறிய வாசகி ஒருவர் கேட்கிறார்: "அதே மாவு, அதே மெஷின். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் சுட்டால், எல்லோரும் எழுந்து வரும்வரை மொறுமொறுவென்று இருக்கும். இங்கே தட்டில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நமுத்துவிடுகிறது. கடல்மட்டத்துக்கு இறங்கி வந்ததுதான் காரணமா?"

உயரத்துக்கும் சின்னப் பங்கு உண்டு. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் விடும் வாயுவும் கூடுதலாக விரியும். எனவே பழைய அளவையே டர்பனில் போட்டால் வாஃபிள் சற்று கனமாக வரும். ஆனால் நமுப்புக்குக் காரணம் வேறு.

சுடும்போது நடப்பது தெரிந்த கதைதான். மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது, முட்டைப் புரதம் இறுகுகிறது, நீராவி மாவைத் தூக்குகிறது. சூடான தட்டைத் தொட்ட மேல்தோல் காய்ந்து, 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மய்யார் விவரித்த வினையால் பொன்னிறமாகிறது.

அந்தக் காய்ந்த தோல் ஒரு கண்ணாடி. உவமையாகச் சொல்லவில்லை. மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ள முடியாமல், தாறுமாறாக இருந்த இடத்திலேயே அசைவற்று நின்றுவிட்ட திடப்பொருள் எதுவானாலும் இயற்பியலுக்கு அது கண்ணாடிதான். கடித்தால் வளையாது, 'நொறுக்' என்று உடையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அதே பொருள் ரப்பர் போல இழுபடும். இந்த எல்லையை நகர்த்துவது தண்ணீர். சின்னஞ்சிறு நீர் மூலக்கூறுகள் நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை நழுவவிடுகின்றன. முற்றிலும் வறண்ட மாவுச்சத்துக்கு இந்த எல்லை 200 டிகிரிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் அது அறை வெப்பநிலைக்கே இறங்கிவிடும். மொறுமொறுப்பு அதற்கும் முன்னாலேயே விடைபெற்றுவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஐஸ்கிரீம் கோன் சுற்றுபவரைக் கவனியுங்கள். கோன் மாவில் சர்க்கரை அதிகம். சர்க்கரைக்கு இந்த எல்லை தாழ்வானது. அதனால் தட்டிலிருந்து சூட்டோடு எடுத்ததும் தகடு துணிபோல் வளைகிறது, அவர் கூம்பாகச் சுருட்டுகிறார். சில நொடிகளில் ஆறி எல்லையைக் கடந்ததும் விறைத்துவிடுகிறது. ஒரு பொருள் கண்ணாடியாகும் கணத்தை இவ்வளவு மலிவாகக் காட்டும் சோதனைக்கூடம் வேறு எனக்குத் தெரியாது.

பிஸ்கட் மாவையும் சோள மாவையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்து, 1980களில் உணவறிவியலின் போக்கை மாற்றியவர்கள் லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும். இருவரும் உணவு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். பிஸ்கட் ஆராய்ச்சிக்கு அரசுப் பணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காயவைத்த பாலைப் பொடியாகக் காப்பதும், உறையவைத்து உலர்த்திய தடுப்பூசிகளைச் சர்க்கரை சேர்த்துக் காப்பதும் இதே இயற்பியல்தான். அதை பிஸ்கட் கம்பெனிகளின் தயவில் மட்டும் விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி டர்பன் சமையலறைக்கு வருவோம். சுட்ட வாஃபிளின் உட்பகுதி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் வெளியே நகர்ந்து தோலுக்கு வரும். ஜோகன்னஸ்பர்க் அமைந்துள்ள ஹைவெல்ட் பீடபூமியின் குளிர்கால வறண்ட காற்று அதை உடனே வாங்கிக்கொள்ளும். டர்பனின் கோடைக் காற்று ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது, வாங்காது. சுற்றுக்காற்றின் ஈரப்பதம் சுமார் 50 சதவீதத்தைத் தாண்டினாலே மாவுப் பண்டங்கள் மொறுமொறுப்பை இழக்கத் தொடங்கும். டர்பனில் தீபாவளி முறுக்கை இறுக மூடிய டின்னில் வைப்பது இதனால்தான். ஆனால் சூடான வாஃபிளை மூடிவைத்தால் அதன் ஆவியே அதன்மேல் படியும்.

ஆகவே, மெஷினிலிருந்து வரும் ஆவி நன்றாகக் குறையும்வரை திறக்காதீர்கள். எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள். எல்லோரும் வரும்வரை 100 டிகிரி ஓவனில் இருக்கட்டும். கேக் மாவில் (மைதா போன்ற கோதுமை மாவு) கால் பங்கை எடுத்துவிட்டு மேசீனா (சோள மாவுச்சத்து) சேர்த்தால் தோல் இன்னும் நன்றாக முறுகும். கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகை நீங்கள் ஊற்றவே வேண்டாம், அதிலும் தண்ணீர் உண்டு. மேசையில் அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும்.