மொய் நோட்டில் பெயரை மட்டும் எழுதுவோமா?

போன மாதம் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். கூலிமில் தொழிற்பயிற்சி. வேலை முடிந்த கையோடு பினாங்குப் பாலம் கடந்து நேராக வந்திருந்தாள். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணலில், ஐஜெம் என்ற உலக மாணவர் போட்டிக்காக அவளுடைய செயற்கை உயிரியல் (உயிரிகளின் மரபணுக்களை மாற்றியமைக்கும் துறை) அணி செய்த திட்டத்தைக் காட்டி, "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பிளாஸ்மிட்டை, அதாவது பாக்டீரியாவுக்குள் செலுத்தும் டிஎன்ஏ வளையத்தை, வடிவமைத்தது அவள். டிஎன்ஏவைப் பிரதியெடுக்கத் தேவைப்படும் ப்ரைமர் என்ற சிறு துண்டுகளை வடிவமைத்ததும் அவள்தான். ஆனால் அணியின் இணையதளத்தில், யார் என்ன செய்தார் என்று சொல்லும் பங்களிப்புப் பக்கத்தில், "மேலும் உதவியவர்கள்" என்ற வரியில் பதினோராவது பெயராக இருக்கிறாள். "மேடம், நான் சொன்னதும் அதுல இருக்கறதும் ஒத்துப்போகலையே. பொய் சொல்றேன்னு நெனச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

இந்த ஆண்டில் எனக்கு இது மூன்றாவது. மாணவர் அணிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வழிகாட்டுவது என் வேலை. டிஎன்ஏ சோதனையின் ஜெல்லில் பட்டை வராமல் போனால் எனக்குக் கோபம் வராது, மறுபடி ஓட்டலாம். இதற்கு வருகிறது.

அணித் தலைவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பேர் போட்டிருக்கோமே மேடம்" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. நம் ஊர் விழாக்களின் நன்றியுரையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலில் தலைவர், அடுத்து புரவலர், பிறகு பிரமுகர்கள், கடைசியில் "மற்றும் உதவிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும்". மேடைக்கு அது சரி, அங்கே நோக்கம் மரியாதை. மாணவர்கள் அதே வரிசையைத் தூக்கிக்கொண்டு வந்து பங்களிப்புப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். துறைத் தலைவர் முதலில். பணம் கொடுத்த நிறுவனம் அடுத்து. ராத்திரி பத்து மணிக்கு பாக்டீரியா வளர்க்கத் தட்டு போட்டவள் நல்லுள்ளங்களில் ஒருத்தி.

கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருபவரை நினைத்துப் பாருங்கள். "உறவினர் அனைவரும் தாராளமாகச் செய்தார்கள், நன்றி" என்றா எழுதுகிறார்? இன்னார், இந்த ஊர், இத்தனை ரிங்கிட். பத்து வருடம் கழித்து நோட்டைப் பிரித்தாலும் யார் என்ன செய்தார் என்று சொல்லிவிடலாம். பங்களிப்புப் பக்கம் அந்த நோட்டு. பெயருக்கு எதிரே ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். வடிவமைத்தார். வளர்த்தார். அளந்தார். கணக்குப் போட்டார். "மிகுந்த ஒத்துழைப்பு நல்கினார்" என்பது வினைச்சொல் இல்லை. "முழு மூச்சாக உழைத்தார்" என்பதும் இல்லை. அதைப் படிப்பவருக்கு, அவர் பிப்பெட் பிடித்தாரா, சாப்பாடு வாங்கி வந்தாரா என்று தெரியாது.

போட்டி விதியும் இதைத்தான் கேட்கிறது. 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு குறுகிய வகுப்பாகத் தொடங்கி, 2004இல் ஐந்து அணிகளோடு போட்டியாகி, இப்போது பாரிஸில் கூடும் ஐஜெம் போட்டியில் வெண்கலப் பதக்கத்துக்கே பங்களிப்பு விவரம் கட்டாயம். மாணவர்கள் செய்தது எது, மற்றவர்கள் செய்து கொடுத்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆய்விதழ்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு: கருத்துருவாக்கம், மென்பொருள், சரிபார்ப்பு, நிதி திரட்டல், மேற்பார்வை, முதல் வரைவு எழுதுதல் என்று போகும். மாணவர் அணிக்கு அது போதாது என்பது என் கருத்து. கிட்டத்தட்ட எல்லோரும் "ஆய்வு நடத்தினார்" என்ற ஒரே பெட்டியில் விழுந்துவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு, கீழே உங்கள் சொந்த வாக்கியத்தில் விவரமாக எழுதுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு. "அவங்க செஞ்சதுன்னு எழுதுனா எங்க மதிப்பெண் குறையாதா?" குறையாது. உதவி வாங்குவது குற்றம் இல்லை, மறைப்பதுதான் குற்றம். முதலாண்டு மாணவர்கள் நான்கு டிஎன்ஏ துண்டுகளை முதல் முயற்சியிலேயே ஒட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தால், அனுபவமுள்ள நடுவர் முதலில் சந்தேகப்படுவார்.

உங்களில் பாதிப்பேர் பயன்படுத்தும் பச்சை ஒளிர் புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஜெமின் மரபணுப் பாகப் பதிவேட்டில் ஈ0040 என்று இருக்கிறதே, அதன் மூலம் ஒரு ஜெல்லி மீன். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வுக்குப் பணம் கிடைக்காமல் போனபோது, மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் கொடுத்தார். 2008இல் அந்த இருவருக்கும் ஒசாமு ஷிமோமுராவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. பிராஷர் அப்போது அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் மாணவர்கள் "பாவம்" என்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. சால்ஃபியின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பிராஷரின் பெயர் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது. பரிசு அறிவித்த பிறகு, பிராஷர் இல்லாமல் இது நடந்திருக்காது என்று சால்ஃபி வெளிப்படையாகப் பேசினார். சால்ஃபியும் சியனும் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு விருந்தினராக அழைத்தார்கள். பிற்காலத்தில் சியன் தன் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தார். பதிவு சரியாக இருந்ததால்தான் பரிசு தவறிய மனிதரை உலகத்தால் தேடிக் கேட்க முடிந்தது. நம் அணிகளில் அந்தப் பதிவே இல்லை.

அடுத்து, எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். மாணவர்கள் அவரை அண்ணே என்பார்கள். நீங்கள் பிளாஸ்மிட்டை பாக்டீரியாவுக்குள் செலுத்தும் நாளன்று, காம்பிடன்ட் செல் (டிஎன்ஏவை ஏற்கத் தயார்செய்த பாக்டீரியா) மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து தானாக முளைத்து வருவதில்லை. பாக்டீரியா வளர்ந்து ஓடி (கலங்கல் அளவு) 0.4 வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் பனிக்கட்டியிலேயே வைத்து, குளிர்ந்த கால்சியம் குளோரைடில் கழுவிப் பிரித்து வைத்தவர் அவர். அந்தத் தொகுதி மோசமாக இருந்தால் உங்கள் 42 டிகிரி வெப்ப அதிர்ச்சியால் ஒரு பயனும் இல்லை. எத்தனை அணிகளின் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றில் இருந்தது. ஒரே ஒன்றில்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று போட்டு அப்பா பெயர் வரும். வெளிநாட்டுப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கொடுக்கும். அவசரத்தில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் நிரப்புவார். விளைவு, மகளின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அப்பா பெயர் முழுதாக நிற்கும். அந்த மேற்கோளைப் பார்த்தால் பிளாஸ்மிட்டை வடிவமைத்தது அப்பா என்றுதான் தோன்றும். ஒவ்வொருவரிடமும் "உன் பேரை எப்படி எழுதணும்?" என்று கேளுங்கள். ஆய்வாளர்களைத் தனித்தனியே அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை இலவசமாகவே வாங்கலாம், எல்லோரும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்று சொல்பவரையும் மதியுங்கள். நீங்கள் கருத்துக் கேட்ட விவசாயியின் பெயரையும் படத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது.

பக்கத்தைக் கடைசி வாரத்தில் எழுதாதீர்கள். அந்த வாரத்தில் யாருக்கும் தூக்கம் இருக்காது, ஞாபகமும் இருக்காது. முதல் கூட்டத்திலேயே எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் அட்டவணை போடுங்கள். தேதி, பெயர், செய்த வேலை, நோட்டுப் புத்தகப் பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம். தோற்றுப்போன சோதனையையும் எழுதுங்கள், மூன்று மாதம் தோற்றவரால்தான் நான்காவது மாதம் வழி மாறியது. பாதியில் விலகுபவர் போகும் நாளிலேயே அவர் வரிகளை அவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பயிற்சிக்குப் போனவர், உடல்நிலை சரியில்லாமல் நின்றவர், சண்டை போட்டுக்கொண்டு போனவர், எல்லோருக்கும் இதே விதி. சண்டை போட்டதால் அவர் செய்த வேலை இல்லாமல் போய்விடாது. டிஎன்ஏவைச் செயற்கையாகத் தயாரித்துக் கொடுத்த நிறுவனத்தையும், எடுத்தாண்ட பாகத்தை முதலில் உருவாக்கிய அணியையும் எழுதுங்கள். மேற்பார்வையாளர் தன் பெயரை முதலில் போடச் சொன்னால் எனக்குச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

ஆய்வுக்கூடப் பாதுகாப்பையும் கவனிப்பவளாக ஒன்று. மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மரபணு மாற்றிய உயிரிகளை ஆய்வுக்கூடத்துக்குள் கையாளும் வேலைக்கும் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு வழியாகத் தேசிய வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். நாளை ஒரு குழாய் உடைந்தால், யார் எதைக் கையாண்டார் என்றுதான் முதலில் கேட்பேன். "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம் மேடம்" என்ற பதில் அங்கே எனக்கு உதவாது.

சரி, போட்டி முடிந்து பக்கமும் பூட்டிய பிறகு ஒருவர் விடுபட்டது தெரிந்தால்? வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், அதை யாரிடமும் கொண்டுபோய்க் காட்ட முடியாது. அணித் தலைவரும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டு, அவர் செய்ததைத் தேதியோடு கடிதமாகக் கொடுங்கள். இனி போடும் சுவரொட்டியிலும் கட்டுரையிலும் திருத்துங்கள்.

அந்தத் தலைவன் அடுத்த நாளே வந்தான். நோட்டுப் புத்தகத்தை நானும் அவனும் ஒரு மதியம் முழுக்கப் புரட்டினோம். பிளாஸ்மிட்டின் முதல் வரைபடம் மார்ச் 11, அவள் கையெழுத்தில் இருந்தது. மூன்று முறை திருத்தியிருக்கிறாள், கடைசித் திருத்தம் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். "இதெல்லாம் நான் பாத்ததே இல்ல மேடம்" என்றான். நான்கு தேதிகளையும் கடிதத்தில் அவனே எழுதினான். அதை அவளிடம் நேரில் கொடுக்க அன்று மாலையே பேருந்து ஏறிக் கூலிமுக்குப் போனான்.