'நொட்டோரியஸ்' சமூக சேவகர்: அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்

ஜனவரி பிறந்துவிட்டால் வேலூரில் ஆண்டு விழா சீசன்தான். பள்ளி, கல்லூரி, ரோட்டரி, லயன்ஸ் என்று அழைப்பிதழ்கள் வரிசை கட்டி வரும். ஆங்கிலத்தில் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்த ஊரில் எத்தனை பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அவர்களைப் பாராட்டுகிறேன் பேர்வழி என்று எப்படியெல்லாம் திட்டி வைக்கிறார்கள் என்பதும் அத்துப்படி.

முதலிடம் 'நொட்டோரியஸ்' என்ற சொல்லுக்கு. போனில் 'ஃபேமஸ்' என்று போட்டு அதே மாதிரி வேறு சொல் தேடினால், பட்டியலில் இதுவும் வந்து நிற்கும். ஃபேமஸ் எல்லாரும் போடுவது, இது கொஞ்சம் கெத்தாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'நொட்டோரியஸ் சோஷியல் வொர்க்கர்' என்று ஒரு புரூஃப் என் மேஜைக்கே வந்தது. கெட்ட பெயரால் ஊருக்கே தெரிந்தவர் என்று அர்த்தம். பத்திரிகைக்காரர்கள் ரவுடிகளுக்குப் போடுகிற சொல். 'இன்ஃபேமஸ்' அதற்கு அண்ணன். அதிகம் பிரபலம் ஆகாதவர் என்று நினைத்து அடக்கமாக அதைப் போடுகிறவர்கள் உண்டு. கேவலமான செயலால் பெயர் எடுத்தவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஆற்காட்டுக் கிளைவை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து, பிறகு முற்றுகையைத் தாங்கி நின்றதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பாலாற்றங்கரையில் அந்தக் கோட்டையின் டெல்லி கேட் இன்றும் நிற்கிறது. கம்பெனியின் வீரத்தை எழுதுகிறவர் அவரை 'ஃபேமஸ்' என்பார். பிற்பாடு வங்காளத்தில் அவர் சேர்த்த பணத்தை எழுதுகிறவர் (1773-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதை விவாதித்தது) தாராளமாக 'நொட்டோரியஸ்' என்பார். இரண்டு பேருமே தெரிந்துதான் எழுதுகிறார்கள். நம் ஊர் ஆண்டு விழாவில் அந்த மாதிரி உள்நோக்கம் எதுவும் கிடையாது. பாவம், தெரியாமல் வந்து விழுகிற சொல்.

அடுத்தது 'எமினென்ட்'. சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால் பாதி விழாக்களுக்கு டாக்டர்கள்தான் தலைமை விருந்தினர், அவர்களுக்கு இது பொருத்தமான சொல்லும்கூட. தன் துறையில் உயர்ந்த இடத்தில் இருப்பவர் என்று பொருள். ஆனால் தட்டச்சில் 'இமினென்ட்' ஆகிவிட்டால் 'எந்த நேரமும் நிகழப்போகிற' என்றாகிவிடும். 'இமினென்ட் கார்டியாலஜிஸ்ட்' என்று படித்தால் மாரடைப்பு ஞாபகம் வராமல் இருக்குமா? அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான் என்பதால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. 'ரினௌண்ட்' என்பதும் அப்படித்தான். ஒரு திறமைக்காகப் பரவலாகப் பெயர் பெற்றவர் என்று எழுத நினைத்து 'ரினௌன்ஸ்டு' என்று அடித்தால் அது துறந்ததைச் சொல்கிற சொல்.

'பயனியர்' என்ற சொல்லை டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களுக்கெல்லாம் வாரி வழங்குகிறார்கள். அது ஒரு துறையில் முதலில் வழி போட்டவருக்கு உரியது. 1900-ல் ஒரே படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடருக்குப் போடலாம். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலை செய்ய வைத்த பால் பிராண்டுக்குப் போடலாம். மற்றவர்களுக்கு 'ஃபவுண்டர்' என்று எழுதி, தொடங்கிய ஆண்டைப் பக்கத்தில் போட்டாலே போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் கம்பெனிகள் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் கம்பெனி புரொஃபைலில் வேறு விதமான சிக்கல். 'அவர் (our) சேர்மன் இஸ் எ பிக் ஷாட்' என்று எழுதினால் அங்கே படிக்கிறவர் சிரிப்பார். அது முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் நக்கலாகச் சொல்கிற சொல். 'சோஷியல் வொர்க்கர்' என்றால் அங்கே அதற்கென்று படித்து, பதிவு செய்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். கைக்காசைப் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த முதலாளியை அப்படி எழுதினால், தோல் வியாபாரத்துக்கு நடுவில் இது என்ன உத்தியோகம் என்று குழம்புவார்கள். அவருக்கு 'பிலாந்த்ரொபிஸ்ட்' சரியாக இருக்கும்.

சட்டம் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி ராணுவம், கல்வி சார்ந்த சிறப்புகளைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக்கூடாது. அதனால் பக்கத்துக் கம்மவான்பேட்டை கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் ஓய்வு பெற்று வந்தவர், தான் வாங்கிய 'கேப்டன்' பதவியைப் பெயருக்கு முன்னால் கம்பீரமாகப் போடலாம். பத்மஸ்ரீ வாங்கியவர் அப்படிப் போட முடியாது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக்கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழைப்பிதழில் கீழே ஒரு தனி வரியில், இன்ன ஆண்டு விருது பெற்றவர் என்று போடுங்கள்.

'சர்' விஷயமும் இதே ரகம். பேச்சில் 'ராமசாமி சார்' என்பது மரியாதை. அச்சில் பெயருக்கு முன்னால் 'சர்' வந்தால் அது பிரிட்டிஷ் அரசர் கொடுத்த பட்டம். நம் வேலூர் வூரீஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனுக்கு 1931-ல் நிஜமாகவே கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அவரே அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியர் தினத்துக்கு 'சர்' சேர்த்துப் பேனர் அடிக்கிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

கடைசியாக 'டாக்டர்'. பணம் கட்டினால் கவுன் மாட்டிப் படம் எடுத்து, கௌரவ டாக்டர் பட்டம் என்று ஒரு தாளைக் கொடுக்கிற அமைப்புகள் பெருகிவிட்டன. 1956-ம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், சட்டம் அதற்கென்று அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான் உண்டு. டிரஸ்டுக்கோ சங்கத்துக்கோ கிடையாது. இந்த ஊரில் 'டாக்டர்' என்று பார்த்தாலே நோயாளியோடு வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், மாத்திரையைக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார்கள். அதனால் யாராவது புதிதாக 'டாக்டர்' சேர்க்கச் சொன்னால், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எது என்று கேட்பேன். சொன்னவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "அதெல்லாம் எதுக்கு சார், எல்லாரும்தானே போடுறாங்க" என்பவர்களுக்கு 'திரு' மட்டும்தான்.