நெற்றிமுடி படிவதும் துருத்துவதும்

சலூனிலிருந்து வெளியே வரும்போது புருவத்தின் மேல் மெத்தென்று கிடந்த முன்முடி, மறுநாள் காலையில் நடுவே பிளந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வெட்டியவர் மேல் பழி போடும் முன், தூக்கி நிற்கும் இழைகளில் ஒன்றை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அது 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும். அந்த 5 சென்டிமீட்டர் ஏன் முக்கியம் என்பது தெரிந்துவிட்டால், ஜப்பானிய பாணி முன்முடி வெட்டின் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும்.

ஜப்பானிய மொழியில் முன்முடிக்கு மாஎகாமி என்று பெயர். அங்குள்ள சலூன்களில் முன்முடியை மட்டும் வெட்டிக்கொள்ளத் தனிக் கட்டணமே உண்டு. அதைத் தனி வேலையாகத்தான் பார்க்கிறார்கள். நெற்றி லேசாகத் தெரியும்படி மெல்லிய திரையாக விழுவது சீத்ரூ பேங்ஸ். அதில் இரண்டு குணங்களைத் தேடுவார்கள். ஒன்று கூகிகான்: முடிக்கு நடுவே காற்று புகுந்தாற்போன்ற இலகுத்தன்மை. மற்றொன்று தபாகான்: இழைகள் சிறுசிறு கொத்துகளாகப் பிரிந்து தெரிவது. முதலாவதற்கு இழைகள் விலக வேண்டும், இரண்டாவதற்குச் சேர வேண்டும். வேர்ப்பக்கம் விலகலும் நுனிப்பக்கம் சேர்க்கையும் ஒரே முடியில் அமையும்போதுதான் அந்த மென்மை வருகிறது. தடித்து, நேராக, விறைப்பாக இருக்கும் முடிக்கு இது தானாக அமையாது. கிழக்காசிய முடி பொதுவாக அப்படிப்பட்டதுதான். அதனாலேயே இந்த நுட்பம் அங்கே இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்தது என்று தோன்றுகிறது.

எடையும் விறைப்பும்

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, ஒரு முனையை விரல்களால் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். 2 செ.மீ. மட்டும் வெளியே நீண்டிருந்தால் ஊசி போல நேராக நிற்கும். 15 செ.மீ. நீண்டிருந்தால் வளைந்து தொங்கும். சின்ன இழையில் விறைப்பு ஜெயிக்கிறது, நீண்ட இழையில் எடை ஜெயிக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் நீளம் ஒன்று இடையில் இருக்கிறது. முடியின் அடர்த்தியையும் மீள்திறனையும் வைத்துக் கணக்குப் போட்டால், 80 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழைக்கு அது சுமார் 5 செ.மீ. வரும், 100 மைக்ரோமீட்டருக்கு ஐந்தரையைத் தாண்டும்.

தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு மளமளவென்று ஏறும். வளைவதை எதிர்க்கும் வலு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 70 மைக்ரோமீட்டர் இழையைவிட 100 மைக்ரோமீட்டர் இழை நான்கு மடங்குக்கும் மேல் விறைப்பானது. மெல்லிய முடிக்காரரின் படத்தைக் காட்டி அதே நீளத்துக்குத் தடித்த முடியை வெட்டச் சொன்னால், படிய வேண்டியது துருத்திக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நெற்றியோரத்து மயிர்க்கோட்டிலிருந்து புருவம் வரை பலருக்கு 5 முதல் 7 செ.மீ. தூரம் இருக்கும். அதாவது, அந்த ஓரத்து முடியைப் புருவ நீளத்துக்கு வெட்டினால் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. தன் எடையால் மட்டும் அதனால் படிய முடியாது. மேலிருந்து ஏதாவது அதை அழுத்த வேண்டும்.

அழுத்துவது உச்சிப்பக்கத்து முடி. முன்முடிக்கு முக்கோண வடிவில் முடி பிரித்தெடுப்பது இதற்காகத்தான். ஒரு சீப்பைத் தலையின் மேல், முன்னும் பின்னுமாக, தட்டையாக வையுங்கள். மண்டை முன்பக்கமாகச் சரியத் தொடங்கும் இடத்தில் சீப்பு தலையை விட்டு விலகும். அந்தப் புள்ளிதான் முக்கோணத்தின் உச்சி. அங்கிருந்து இரு புருவங்களின் வளைவு முனைக்கு நேர் மேலே உள்ள மயிர்க்கோட்டுக்கு இரு கோடுகள். உச்சியிலிருந்து வரும் முடி புருவத்தைத் தொட 10 செ.மீ.க்கு மேல் பயணிக்கிறது. தானும் படிந்து, கீழேயிருக்கும் குட்டை இழைகளையும் படிய வைக்கிறது. முக்கோணத்தை மெல்லியதாக, ஓரத்திலிருந்து மட்டும் எடுத்தால் அழுத்த ஆளில்லை. ஆழமாக எடுத்தால் அழுத்தம் அதிகமாகி நெற்றியில் பாய் விரித்தது போலாகும். அகலத்தில் பேராசை கூடாது. புருவ முனையைத் தாண்டி எடுத்த முடி பக்கவாட்டில் பிரிந்து, மறுபடி வளர மாதக்கணக்காகும்.

கத்தரி செய்யும் வேலை

ஈர முடியில் வெட்டினால் காய்ந்ததும் ஏறிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். நனையும்போது முடி நீள்வதே காரணம் என்றும் சொல்வார்கள். அளவைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. நனைந்த முடியின் தடிமன் சுமார் 15 சதவீதம் பெருத்தாலும் நீளம் 1 முதல் 2 சதவீதம்தான் கூடுகிறது. 10 செ.மீ. முடிக்கு அது 1 அல்லது 2 மில்லிமீட்டர். நிஜத்தில் ஏறுவதோ 1 செ.மீ. வரை. மிச்சத்துக்குக் காரணம் மூன்று: ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்த வேர் காய்ந்ததும் எழுந்து நிற்கிறது, இயல்பான வளைவு திரும்புகிறது, சீப்பும் விரலும் இழுத்துப் பிடித்த இழுவை விடுபடுகிறது. நனைந்த முடி எளிதில் இழுபடும் என்பதால் மூன்றாவது காரணம் லேசானதல்ல.

ஆகவே முதல் வெட்டு மூக்கின் மேல்தண்டு அளவுக்கு. விரல்களால் இறுக்கிப் பிடிக்காமல், அகலப் பல் சீப்பால் தாங்கி வெட்ட வேண்டும். பிறகு முழுதாகக் காயவைத்து, கண் திறந்து நேராகப் பார்க்கும் நிலையில் இறுதி நீளம். புருவத்துக்கும் மேலிமைக்கும் நடுவே முடிவது பாதுகாப்பான இடம்.

எல்லா அடுக்கையும் கீழ்நோக்கி வாரி ஒரே கோட்டில் வெட்டினால் நுனிகள் ஓரிடத்தில் குவிந்து கெட்டியான விளிம்பு வரும். அடுக்கை நெற்றியிலிருந்து 30 முதல் 45 பாகை முன்னால் தூக்கி வெட்டினால், விழும்போது மேலடுக்கு கீழடுக்கைவிடச் சற்றுக் குட்டையாக நிற்கும், விளிம்பு கரைந்துபோகும். அதற்கு மேல் தூக்கினால் மேலடுக்கு ரொம்பக் குட்டையாகிவிடும். அழுத்த வைத்த முடியே எடை இழந்துவிட்டால் பிறகு எதுவும் படியாது. நுனியைக் கலைக்க, கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தினால் போதும். முடியை முறுக்கி ஒரே வெட்டாக வெட்டும் குறுக்குவழியில், முறுக்கின் வெளிப்பக்கத்து இழை அதிகம் சுற்றி வருவதால் நீளங்கள் தாறுமாறாகும்.

பல் பல்லான விளிம்பால் இடையிடையே மட்டும் முடியை வெட்டும் தின்னிங் கத்தரியைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அடர்த்தியைக் குறைக்க அதை வேருக்கு அருகே வைத்து ஒரு கடி கடித்தால், உள்ளே 2 செ.மீ. கட்டைகள் நூற்றுக்கணக்கில் உருவாகின்றன. 2 செ.மீ. இழை வளையாது என்று மேலே பார்த்தோம். அந்தக் கட்டைகள் உள்ளிருந்து நீண்ட இழைகளை முட்டுக்கொடுத்துத் தூக்கும். அடர்த்தி குறைந்தும் முன்முடி பொங்கி நிற்கும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. தின்னிங் கத்தரிக்கு இடம் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும்.

தண்ணீர் என்னும் தற்காலிகப் பசை

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரதச் சங்கிலிகளுக்கு நடுவே இரண்டு விதப் பிணைப்புகள் நமக்கு முக்கியம். கந்தக அணுக்களால் ஆன டைசல்பைடு பிணைப்பு வலுவானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு தனித்தனியே பலவீனமானது, எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் உள்ளே புகுந்ததும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன, முடி இளகுகிறது. காயும் நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் அவை மறுபடி பிணைகின்றன. தலையணையில் அழுந்திய முன்முடி காலையில் கோணலாக நிற்பது இரவில் நடந்த இந்தப் பிணைப்பால்தான்.

கோணல் நுனியில் தெரிந்தாலும் அது பிறந்த இடம் வேர். நுனியை மட்டும் நனைத்து நேராக்கப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆகும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு, மயிர்க்கோட்டின் தோலோடு சேர்த்து வேரை நனைத்துத் தேய்க்க வேண்டும். நெற்றியில் சுழி உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம். சுழியில் மயிர்க்கால்களே சாய்ந்து முளைத்திருப்பதால் அந்தச் சாய்வை மாற்ற முடியாது. ஈர வேரை எதிர்ப்பக்கமாகக் காயவைத்து ஈடுகட்டத்தான் முடியும்.

தலை குளித்ததும் முதலில் காய்வது முன்முடிதான். இழைகள் குறைவு, அடியில் தோலின் சூடு வேறு. எனவே டிரையரை முதலில் அங்கேதான் பிடிக்க வேண்டும். 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், டிரையரின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நெற்றிக்கு மேலே. கீழிருந்து ஊதினால் வேர் எழுந்துவிடும். விரல்களால் முன்முடி முழுவதையும் இடப்பக்கம் தள்ளிச் சில நொடி, வலப்பக்கம் தள்ளிச் சில நொடி, மாறி மாறி. வேர் எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலைக்கு வரும், பிளவு மறையும். முக்கால்வாசி காய்ந்ததும் நேராகக் கீழே வாரி, 10 நொடி குளிர்ந்த காற்று. சூட்டில் இளகிய சங்கிலிகள் குளிர்ந்ததும்தான் உறைந்து நிற்கும். சூடு ஆறுவதற்குள் சீப்பை எடுத்தால் உழைப்பு வீண்.

உருண்டையான வளைவுக்கு, முடியைப் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான உருளையான வெல்க்ரோ ரோலர் நல்லது. விட்டம் 36 முதல் 40 மில்லிமீட்டர். நுனியிலிருந்து ஒன்றேகால் சுற்று சுற்றி, கொஞ்சம் சூடு காட்டி, 5 முதல் 10 நிமிடம் ஆறவிட வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளைவு குழாய் போல உருண்டு நெற்றியை விட்டு எழும். முடிக்கான சூட்டு அயர்ன் பயன்படுத்தினால் 140 முதல் 160 டிகிரி செல்சியஸ் போதும். ஓரிடத்தில் 2 நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. முடி முழுதாகக் காய்ந்திருப்பது முக்கியம். கெரட்டினின் சுருள் அமைப்பு உலர்ந்த நிலையில் 230 டிகிரி வாக்கில்தான் சிதைகிறது, நனைந்த நிலையில் 150 டிகிரி வாக்கிலேயே சிதையத் தொடங்கிவிடும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்து இழைக்குள் குமிழிகளையும் உண்டாக்கும். 'சுர்' என்ற சத்தம் கேட்டால் அயர்னை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே நுழையும். வறண்ட காற்றிலிருந்து நிறைந்த ஈரத்துக்கு மாறும்போது முடி 2 சதவீதத்துக்கு மேல் நீள்கிறது. இந்தக் குணத்தை வைத்துத்தான் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் 1783-ல் மனித முடியைக் கொண்டே இயங்கும் ஈரப்பதமானியை விளக்கினார். ஜப்பானில் ஜூன், ஜூலையில் வரும் சுயு மழைக்காலத்தில் முன்முடி பெரிய பேச்சாகிவிடுவதற்கும் இதுவே காரணம். ஹேர் ஸ்ப்ரேயின் பாலிமர் படலம் ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும். 20 முதல் 30 செ.மீ. தள்ளி அடித்தால் துளிகள் இழைகள் குறுக்கிடும் இடங்களில் புள்ளிப் பற்றவைப்பு போல ஒட்டும். அருகே அடித்தால் முடி முழுதும் நனைந்து தகடாகும்.

கொத்தும் எண்ணெய்யும்

ஓவியத் தூரிகையைத் தண்ணீருக்குள் விட்டால் மயிர்கள் விரிந்து நிற்கும்; வெளியே எடுத்ததும் கூராகச் சேர்ந்துகொள்ளும். இழைகளுக்கு நடுவே தங்கும் திரவத்தின் பரப்பு இழுவிசை அவற்றை ஒட்டவைக்கிறது. தபாகான் கொத்துகள் உருவாவதும் இப்படியே, தண்ணீருக்குப் பதில் பாம் (balm) என்னும் முடிப்பூச்சு அல்லது எண்ணெய். அரிசி அளவு எடுத்து விரல் நுனிகளில் நன்றாகப் பரப்பி, முன்முடியின் நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளி விட வேண்டும். வேருக்கு அது போனால் கூகிகான் அத்தோடு சரி.

வேருக்கு எண்ணெய் தானாகவே வந்து சேரும் என்பதுதான் சிக்கல். நெற்றியில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். சீத்ரூ வெட்டில் இழைகள் குறைவு என்பதால் பங்குக்குக் கிடைக்கும் எண்ணெய் கூடுதல். மதியத்துக்குள் நாலைந்து வால்களாகச் சேர்ந்துவிடும். தோலைத் துடைத்து, நிறமற்ற முகப் பவுடரைப் பிரஷ்ஷால் நெற்றியிலும் முன்முடியின் உட்பக்கத்திலும் தொட்டுவிட்டால் எண்ணெயை அது உறிஞ்சும். மேலே போட்டால் வெள்ளை தெரியும்.

இயல்பாகவே சுருண்ட முன்முடியை நிரந்தரமாக நேராக்க, ஜப்பானிய சலூன்களில் டைசல்பைடு பிணைப்பையே மருந்தால் அறுத்து, அயர்ன் வைத்து, ஆக்சிஜனேற்றியால் மறுபடி இணைப்பார்கள். முன்முடிக்கு இதைச் செய்யும்போது நுனியில் லேசான வளைவை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊசி ஊசியாக நிற்கும். புதிதாக முளைக்கும் முடிக்கு இந்த மாற்றம் இருக்காது.

முடி மாதத்துக்கு 1 முதல் 1.3 செ.மீ. வரை வளர்கிறது. மூன்று நான்கு வாரத்தில் இமையைத் தொடும். அப்போது காய்ந்த முடியில் செங்குத்துக் கத்தரியால் கொத்தி நீளத்தைச் சரிசெய்தால் போதும். தின்னிங்கில் தவறிப்போன 2 செ.மீ. கட்டைகள் 5 செ.மீ. தாண்ட இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். அதுவரை அவற்றை மறுபடி வெட்டாமல், தினமும் வேரை நனைத்து, மேலடுக்கின் எடைக்குக் கீழே வாரிக் காயவைத்து வாருங்கள்.