ஹன்டா வைரசு: எலிக்காய்ச்சலுக்குள் தொலைந்துபோகும் ஒரு சொல்

கொழும்பில் ‘எலிக்காய்ச்சல்’ என்றால் எல்லோருக்கும் ஒரே நோய்தான் நினைவுக்கு வரும். சிங்களத்தில் அதற்கு ‘மீ உண’ என்று பெயர். அதற்கும் எலிக்காய்ச்சல் என்பதே பொருள். மருத்துவர் குறிப்பில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று எழுதுவார். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதிலிருந்து இந்தச் சொல் பாமரர் வாயிலும் ஊன்றிவிட்டது. அது பக்ரீரியாவால் வருவது, வைரசால் அல்ல. ஆகவே, எலியிலிருந்து தொற்றும் வைரசு நோயைப் பற்றிச் செய்தி வரும்போது அதையும் ‘எலிக்காய்ச்சல்’ என்றே தமிழாக்குவது பெரும் பிழை. பெயர் ஒன்றானால் காப்பும் ஒன்றென்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று எலிச்சிறுநீர் கலந்த ஈரத்தில் வருகிறது, மற்றது எலியெச்சத் தூசியில் வருகிறது.

அந்த மற்ற நோயின் பெயர்தான் ஹன்டா. கொரியாவில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயர் அது. பெரிய விரைவோட்டமுள்ள ஆறு என்பது அதன் பொருள். 1951 முதல் 1953 வரை, கொரியப் போரில் நின்ற ஐக்கிய நாடுகள் படையினர் 3,000க்கும் மேற்பட்டோர் காய்ச்சல், இரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று வீழ்ந்தார்கள். காரணி பிடிபடக் கால் நூற்றாண்டு சென்றது. 1976இல் கொரிய மருத்துவ அறிஞர் ஹோ வாங் லீ, ஆற்றுப்பக்கத்தில் பிடித்த கோடுள்ள வயலெலியின் நுரையீரலில் அதைக் கண்டார். ஆற்றின் பெயர் வைரசுக்கு வந்தது. பின்னர் அந்தக் குடும்பம் முழுவதற்கும் ‘ஹன்டா’ என்று பெயரானது.

எழுத்துமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹந்தா’, ‘ஹண்டா’, ‘ஹன்டா’ என மூன்றும் அச்சில் வருகின்றன. ‘ரி.வி.’ என்று எழுதிப் பழகிய நம்மவர் சிலர் ‘ஹன்ரா’ என்றும் எழுதுவர். கொரிய ஒலியில் ‘ன்’னை அடுத்து வருவது வல்லின ‘ட்’டுக்கு நெருக்கமானது; ‘ண்’ அங்கே இல்லை. ஆகவே ‘ஹன்டா’ போதும்.

இந்தப் பெயர்க் கதையில் தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஹன்டான் ஆற்று வைரசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னமே, 1964இல், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அப்போது அது எந்தக் குடும்பம் என்று எவருக்கும் தெரியவில்லை. ஹன்டா வகை என்பது பின்னரே விளங்கியது. உலகில் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டா வைரசு அதுதான். இன்று அதன் பேரினத்துக்கு ‘தொட்டிம்வைரசு’ என்று பெயர்: தோட்டப்பாளையத்தின் முன்பாதியும், கொரியாவின் இம்ஜின் ஆற்றின் முன்னெழுத்துகளும் சேர்ந்த சொல். வகைப்பாட்டு நூல்களில் ஒரு தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் அப்படி உட்கார்ந்திருக்கிறது. இந்த வைரசு மனிதரில் நோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை.

மூஞ்சூறு என்றதும் இன்னொரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘ரோடென்ட்’ என்ற சொல் ‘கொறி’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் கொறிணி, கொறித்துண்ணி. இரண்டும் நல்ல சொற்கள், எனக்குச் சுருக்கமான கொறிணி பிடிக்கும். ஆனால் மூஞ்சூறு கொறிணியே அல்ல. அது பூச்சி தின்னும் வேறு வரிசை. ஆகவே ‘கொறிணிவழி வைரசுகள்’ என்று எழுதினால் மூஞ்சூறு வெளியே நின்றுவிடும். கறுப்பெலி (கூரையேறும் வீட்டெலி), பழுப்பெலி (சாக்கடை எலி), பெருச்சாளி மூன்றும் கொறிணிகள். பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பாண்டிகூட்’ கூட, தெலுங்கின் ‘பந்தி கொக்கு’, அதாவது பன்றியெலி, என்பதன் சிதைவு. சிங்களத்தின் ‘ஊரு மீயா’வும் அதே பன்றியெலிதான்.

செய்திகளில் வரும் ‘காட்டுக் கொறித்துண்ணிகள்’ என்ற தொடரும் ஏமாற்றுகிறது. ஆங்கில மூலத்தில் ‘வைல்ட்’ என்பது ‘வளர்ப்பில் இல்லாதவை’ என்ற பொருளிலேயே வருகிறது. கொழும்பு வாசகருக்கோ சிங்கராஜக் காடு நினைவுக்கு வரும். புறக்கோட்டைக் கிடங்கு எலியும் வெள்ளவத்தைக் கால்வாய் எலியும் இந்த வகைதான். ‘ஊரெலி’ என்று எழுதினால் ஐயமில்லை.

‘வைரசு’க்கும் ஒரு வரி: இலத்தீனில் நஞ்சு, பிசுக்குநீர் என்று பொருள். நச்சுயிரி, தீநுண்மி என இரு தமிழ்ச் சொற்கள் உண்டு. உயிரணுவுக்கு வெளியே உயிரியாக இயங்காத ஒன்றை ‘உயிரி’ என்பதைவிடத் ‘தீநுண்மி’ பொருத்தம். ஆனால் எங்கள் பாடநூல்களில் ‘வைரசு’ நிலைத்துவிட்டதால் இங்கு அதையே வைத்துக்கொள்கிறேன்.

இனி ஊருக்குள் அது வாழும் விதம். ஒவ்வொரு ஹன்டா வைரசுக்கும் பெரும்பாலும் ஓர் எலியினமே வீடு. அந்த எலிக்கு நோய் தெரியாது. நீண்ட காலம் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் வழியாக வைரசை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அவை காய்ந்து தூசியாகி, நாம் மூச்சில் இழுக்கும்போதே பெரும்பாலும் தொற்றுகிறது. கடியால் தொற்றுவது அரிது. மனிதரிலிருந்து மனிதருக்குத் தாவுவது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் வைரசில் மட்டுமே அறியப்பட்டுள்ளது. நகரத்துக்கு மிக நெருக்கமானது சியோல் வைரசு. அதன் வீடு பழுப்பெலி. பழுப்பெலி கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனது, வைரசும் கூடவே போனது. எலியோடு வரும் நோய் கொழும்புத் துறைமுகத்துக்குப் புதிதல்ல: 1914இல் பிளேக் எனும் கொள்ளைநோய் நகரில் நுழைந்ததும் அவ்வழியேதான்.

இலங்கையில் ஹன்டா பற்றிய முதல் தடயம், சொற்குழப்பம் எங்கே இருக்கிறதோ அங்கேயே கிடைத்தது. லெப்டோஸ்பைரோசிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளிகள் சிலரின் குருதியில் ஹன்டாவுக்கெதிரான பிறபொருளெதிரிகள் (அன்டிபொடிகள்) இருந்தன. 1988இல் அது மருத்துவ இதழில் வெளியானது. பின்னர் கண்டிப் பக்கத்து நோயாளிகளில் கண்ட பிறபொருளெதிரிகள், தாய்லாந்தில் பெருச்சாளியிலிருந்து பிரித்த வைரசுக்கு நெருக்கமான ஒன்றையே காட்டின. ‘எலிக்காய்ச்சல்’ என்று எழுதி மூடிய கோப்புகளுக்குள் வேறு நோயும் இருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

மருத்துவத்தில் கொரிய வகை நோய்க்கு ‘சிறுநீரகப் பாதிப்புடன் கூடிய குருதிப்பெருக்குக் காய்ச்சல்’ என்று பெயர். அறிகுறிகள் வழக்கமாகத் தொற்றி ஒன்று, இரண்டு வாரத்தில் தொடங்கும். அரிதாக எட்டு வாரம் வரை செல்லும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வயிற்றுவலி, கண் சிவத்தல், பிறகு இரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், தேறும்போது சிறுநீர் பெருகும். குருதிச் சிறுதட்டுகளும் (பிளேற்லெற்) குறைவதால் கொழும்பில் முதலில் டெங்கு என்றே தோன்றும். சிறுநீரில் புரதமும், குருதியில் ஏறிவரும் கிரியேற்றினினும் (சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவு) வேறு திசையைக் காட்டும். லெப்டோஸ்பைரோசிஸுக்குப் பென்சிலின், டொக்சிசைக்கிளின் உண்டு. ஹன்டாவில் அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. நீரைச் சரியாகக் கட்டுப்படுத்துவதும், தேவைப்பட்டால் டயலிசிஸும்தான் சிகிச்சை. அதனால்தான் பெயர் பிரிந்திருக்க வேண்டும் என்கிறேன். பொதுப்பேச்சுக்கு என் பரிந்துரை ‘எலித்தூசிக் காய்ச்சல்’. தொற்றும் வழி பெயரிலேயே இருப்பதால், தும்புத்தடியை எடுக்கும் கை ஒரு நொடி நிற்கும்.

தும்புத்தடிதான் இங்கே முதல் எதிரி. பூட்டிக்கிடந்த அறையையோ சீலிங்குக்கு மேலுள்ள இடத்தையோ காய்ந்தபடியே கூட்டினால், எச்சத் தூசி நேரே மூக்குக்கு வரும். வக்கூம் மெஷினும் அதையே செய்யும். முதலில் கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே நில்லுங்கள். இறப்பர்க் கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, எச்சமும் சிறுநீர்க் கறையும் ஊறும்படி தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தூசி எழும், மெல்லத் தெளிக்க வேண்டும். 5 நிமிடம் ஊறிய பின் கடதாசியால் துடைத்து, இரட்டைப் பையில் கட்டி, தரையை அதே கலவையால் துடையுங்கள். கையுறையைக் கழற்றுமுன் சோப்பால் கழுவி, கழற்றியபின் கையையும் கழுவுங்கள். கலவையை அன்றன்றே செய்ய வேண்டும், நின்றால் வீரியம் போகும். கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு வரும். சீலிங்குக்குள் ஏறுபவருக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசம் போதாது, பக்கங்களில் காற்றுப் புகும். முகத்தோடு பொருந்தும் என்-95 வேண்டும்.

ஒட்டும் அட்டையை வைக்காதீர்கள். உயிரோடு ஒட்டிக்கொண்ட எலி அச்சத்தில் சிறுநீர் கழிக்கும்; வைரசு வெளிவரும் வழி அதுவே. உடனே கொல்லும் அடிப்பொறி மேல். செத்த எலியையும் ப்ளீச் நீரில் நனைத்தே எடுக்க வேண்டும். பிடித்து முடித்தாலும் ஓட்டை இருந்தால் அடுத்தது வரும்: சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளியே போதும். குழாய் நுழையும் சுவர்த் துளையில் இரும்புக்கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். வெறும் சீமெந்து ஈரமாக இருக்கும்போதே எலி குடைந்துவிடும்.

காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் ‘வீட்டில் எலி இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். கொழும்பில் எந்த வீட்டில் இல்லை? வெள்ளநீரில், வயலில் இறங்கினீர்களா, அல்லது பூட்டிய கிடங்கைக் கூட்டினீர்களா, எந்தத் திகதியில் என்று சொல்லுங்கள். கடந்த எட்டு வாரத்தையும் எண்ணிப் பாருங்கள். போன மாதம் ஒருநாள் சீலிங்கைத் துப்புரவு செய்தது இந்த வாரக் காய்ச்சலுக்குக் காரணமாக இருக்கலாம்.