ஆறு மணி மாத்திரையும் ஆறே கால் காபியும்

கட்டைப்பையை மேசையில் கவிழ்த்தார் அந்தப் பள்ளி ஆசிரியை. செலினியம் ஒரு டப்பா, துத்தநாகம் ஒன்று, முடி வளர பயோட்டின், அமுக்கரா மாத்திரை, மீன் எண்ணெய், கால்சியம், ஆன்லைனில் வாங்கிய கடல்பாசித் தூள். "இதுல எதை முதல்ல போடணும், எதைக் கடைசியாப் போடணும்னு மட்டும் எழுதிக் குடுங்க மேடம்" என்றார். தைராய்டு மாத்திரை எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். "அது எப்பவும் போடுறதுதானே."

மதுரையில் ஹார்மோன் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அவர் பார்த்து முடித்து, "பக்கத்து ரூம்ல டயட் கேட்டுக்கோங்க" என்று அனுப்புகிறவர்கள் என்னிடம் வருவார்கள். இந்த ஆசிரியை வரிசை மாறி முதலில் என்னிடம் வந்துவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி, சுரப்பி மெல்ல அழிந்து ஹார்மோன் குறைகிற நோய். கையில் இருந்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் கட்டளை, ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 0.08, டி4 (தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன்) அளவு மேலே. இதை மட்டும் பார்த்தால் தைராய்டு ஹார்மோன் உடம்பில் மிதமிஞ்சி ஓடுகிறது, மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் எதிரில் இருந்த மனுஷி சொன்னதெல்லாம் ஹார்மோன் குறைவின் கதை. மலச்சிக்கல், வறண்ட தோல், மதியம் மூன்று மணிக்கு வகுப்பில் கண் சொக்குகிறது. வந்ததும் ஃபேனைக் குறைக்கச் சொன்னார். சித்திரை மாதம், மதுரை.

பயோட்டின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படுவது 30, 40 மைக்ரோகிராம். பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்தில் ஹார்மோனை அளக்கப் பயோட்டினையே ஒரு பசை போலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிந்தால் அந்தக் கணக்கு குழம்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். எல்லாக் கருவிகளிலும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆகிற கருவி எது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் வாங்குகிறவர்களில் தைராய்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை. மருத்துவரிடம் சொன்னேன். பயோட்டினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். 11. கதை தலைகீழ், ஹார்மோன் போதவில்லை.

முதல் ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, 11 ஏன்? 75 மைக்ரோகிராம் மாத்திரை தவறாமல் போடுகிறார். காலை ஆறு மணிக்கு. காபி எத்தனை மணிக்கு என்றேன். "ஆறே கால்." அதோடு கால்சியமும்: "ஒரே நேரத்துல போட்டுட்டா மறக்காது பாருங்க."

இந்த வேலைக்கு வந்த புதிதில் தைராய்டு என்றால் உணவுப் பட்டியல் எழுதித் தருவேன், இது சேர்க்கலாம், இது கூடாது என்று. இப்போது முதல் கேள்வியே காலை முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். ஹாஷிமோட்டோவில் நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியை அந்நியன் என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் நான்கு பெண்களின் கழுத்துக் கழலையை நுண்ணோக்கியில் பார்த்து, சுரப்பி முழுக்க வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குப் போய்ச் சாதாரண வைத்தியராக இருந்து, 1934இல் டைபாய்டில் இறந்துபோனார். அது தன்னுடல் தாக்குநோய் என்று லண்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 1956இல்தான். இன்றுவரை அந்தத் தாக்குதலை நிறுத்தும் உணவு எதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை. நாம் போடும் தைராக்ஸின் சண்டையை நிறுத்துவதில்லை. அழிந்த சுரப்பி தர வேண்டிய ஹார்மோனை வெளியிலிருந்து தருகிறது, அவ்வளவுதான். அப்படியானால் அந்த மாத்திரை குடலில் முழுசாக உறிஞ்சப்படுவதுதான் இந்த நோயின் மிகப் பெரிய உணவுப் பிரச்சினை.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் முப்பது நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. காபி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், பாலில்லாத காபியும்தான். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அதே கதைதான் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்துகளுக்கும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் கேப்ஸ்யூல் போடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராக்ஸின் சரியாகக் கரையாது. இசப்கோல் குடிப்பவர்கள் அதை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எழுதுவது சுலபம். ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, டிஃபன் பாக்ஸ் நாலு கட்டி, ஏழரை பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் "ஒரு மணி நேரம் காபி குடிக்காதீர்கள்" என்பது அவர் நாளின் ஒரே சுகத்தில் கை வைப்பது. மாத்திரை டப்பா அடுப்படி ஷெல்ஃபில் இருந்தால் மாத்திரையும் டம்ளரும் ஒன்றாகத்தான் கைக்கு வரும். போதாக்குறைக்கு அடுப்புச் சூடும் ஆவியும் தைராக்ஸினுக்கு ஆகாது. ஆகவே டப்பாவைத் தலையணைப் பக்கம் வையுங்கள், ஒரு சொம்புத் தண்ணீரோடு. கண் விழித்ததும் போட்டுவிட்டு எழுந்தால் குளித்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கையில் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அதுவும் முடியாதவர்களுக்கு இரவு வழி உண்டு. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். ஆனால் நம் வீடுகளில் ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குத் தூக்கம். ஏழு மணிக்கே சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

அடுத்து அந்த வாட்ஸ்ஆப் பட்டியல். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கீரை, வேர்க்கடலை, சோயா, பால், கோதுமை, கம்பு எல்லாம் தைராய்டுக்கு விஷம் என்று யாரோ எழுதி, அது எல்லோர் போனிலும் இருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்த ஒரு அக்கா ஆறு மாதம் வெள்ளைச் சோறும் ரசமும் அப்பளமுமாக வாழ்ந்து, ரத்தசோகையோடு வந்தார்.

கோஸ் வகைக் காய்களில் உள்ள சில பொருள்கள், சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் என்பது உண்மை. அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில், பச்சையாக, மிக அதிகமாகத் தின்றால்தான் அது பிரச்சினை. நாம் கோஸைப் பொரியலாகத்தான் சாப்பிடுகிறோம், வேகும்போது வீரியம் பெரும்பாலும் போய்விடும். தவிர, முழு அளவு மாத்திரை போடுகிறவருக்கு ஹார்மோன் வருவதே மாத்திரையிலிருந்து. கோஸ் எதைத் தடுக்கும்? கம்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். கம்பில் தைராய்டைத் தொந்தரவு செய்யும் பொருள் சமைத்தாலும் சுலபமாகப் போகாது. வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ் தாராளமாகக் குடியுங்கள். "சிறுதானியத்துக்கு மாறிட்டோம் மேடம்" என்று மூன்று வேளையும் கம்பையே சாப்பிடுவது வேண்டாம். மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு எப்போதாவது சாப்பிடலாம்.

கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தை விட்டுவிடலாமா என்று மாதம் பத்துப் பேராவது கேட்கிறார்கள். காலை ரொட்டி, மதியம் ரொட்டி, இரவு பாஸ்தா சாப்பிடும் ஊரில் எழுதிய ஆலோசனை அது. இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் என்று ஓடும் நம் சாப்பாட்டில் நீக்குவதற்கு இருப்பது சப்பாத்தியும் ரவையும் பரோட்டாவும்தான். பரோட்டாவை விடுவதற்கு ஹாஷிமோட்டோ வரக் காத்திருக்க வேண்டியதில்லை! ஆனால் சீலியாக் என்ற குடல் நோய் ஹாஷிமோட்டோக்காரர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. தீராத வயிற்றுப்போக்கு, ஏறாத இரும்புச் சத்து, கூட்டக் கூட்டப் போதாத மாத்திரை அளவு என்றிருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனை தேவை. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும், நிறுத்திவிட்டால் நோய் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். நோய் உறுதியானால் கூட்டுப் பெருங்காயத்தைக்கூடப் பார்த்து வாங்க வேண்டியிருக்கும், அதில் கோதுமை மாவு கலக்கிறார்கள்.

உப்பு விஷயத்தில் மக்களின் சந்தேகத்தை நான் முழுக்கத் தள்ளிவிடுவதில்லை. "அயோடின் உப்பு வந்த பிறகுதான் எல்லாருக்கும் தைராய்டு" என்கிறார்கள். அயோடின் கூடினால் ஹாஷிமோட்டோ தூண்டப்படலாம் என்பது ஆராய்ச்சியில் தெரிந்ததே. ஆனால் நம் உப்பில் உள்ளது அந்த அளவு இல்லை. வீட்டுக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. அந்தக் கணக்கில் பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம், அதாவது பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவை. உப்பில் அயோடின் கலந்தால் கழலை குறையும் என்று 1950களில் தொடங்கி இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமி குழுவினர் செய்து காட்டியதன் தொடர்ச்சி இது. நோயாளி ஒருவருக்காக வீடே இந்துப்புக்கு மாறும்போது, அதே அடுப்பில் சாப்பிடும் கர்ப்பிணி மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் அயோடின் நின்றுபோகிறது. அது வேண்டாம். கடல்பாசித் தூளும் வேண்டாம். அதில் சில வகைகளின் ஒரு சிட்டிகையில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு அயோடின் இருக்கும். உப்புக்குப் பயந்து அதைவிடப் பெரிய அயோடின் மூட்டையை வாங்கி வைத்திருந்தார் நம் ஆசிரியை.

அந்தப் பையில் மீதி இருந்தவை பற்றி. சுரப்பிக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஆன்ட்டிபாடியைச் செலினியம் குறைக்கிறது, ஆனால் ஆள் தெம்பாக உணர்வதாகத் தெரியவில்லை. டென்மார்க்கில் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு, நாளுக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு அதைத்தான் சொன்னது. அளவு மீறினால் முடியே கொட்டும், நகம் உடையும். முட்டையும் மீனும் சாப்பிடுகிறவருக்கு நான் எழுதித் தருவதில்லை. அமுக்கரா நம் சித்த மருத்துவத்தின் நல்ல மருந்து, மரியாதை உண்டு. ஆனால் அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது, படபடப்போடு வந்தவர்கள் உண்டு. சித்த மருத்துவருக்கும் ஹார்மோன் மருத்துவருக்கும் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாறாக, யாரும் கேட்காத மூன்றை நான் பார்க்கச் சொல்வேன்: ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, வைட்டமின் டி. டி.எஸ்.எச். சரியான பிறகும் தீராத அசதிக்குப் பல சமயம் இவைதான் காரணம். ஆசிரியைக்கு ஃபெரிட்டின் 9, மிகக் குறைவு. முடி கொட்டியது எதனால் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆன்ட்டிபாடியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பது மட்டும் வீண் செலவு, அந்த எண்ணைப் பார்த்து யாரும் மாத்திரையை மாற்றுவதில்லை.

எடையைப் பற்றி ஒரே வார்த்தை. தைராய்டு குறைவு நேரடியாக ஏற்றுவது பெரும்பாலும் மூன்று, நான்கு கிலோ, அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். மீதி பதினைந்து கிலோவுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஆசிரியை, புதிதாகச் சேர்ந்த இரும்பு மாத்திரையை இரவுக்கு வைத்து, கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றி, காபியை ஆறே முக்காலுக்குக் கொண்டுபோய், எட்டு வாரம் கழித்து வந்தார். மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றவில்லை, அதே 75. டி.எஸ்.எச். 3.2, இருக்க வேண்டிய எல்லைக்குள். பரிசோதனைக்கு வரும் காலையில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "என் தங்கச்சிக்கும் இதே தொந்தரவுதான் மேடம்" என்றார். இது குடும்பத்தில் ஓடும் நோய், அக்கா தங்கைகள் சேர்ந்தே வருவார்கள், ஆச்சரியமில்லை.

"மாத்திரை போடுறாங்களா?"

"போட்டுட்டு இருந்தா. இப்ப நாள் தள்ளி நாப்பத்தஞ்சு நாள் ஆகுது, குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராக்ஸினை நம்பித்தான் இருக்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும், நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல், மருத்துவர் சொல்லும் அளவில். போனை என் அறையிலேயே போடச் சொன்னேன். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். "சாயங்காலம் வரைக்கும் இருக்க வேணாம்டி, இப்பவே ஆட்டோ பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஆசிரியை.