பழைய டிராக்டரை டிரெய்லரில் ஏற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது சங்கிலி இல்லை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்றொரு சிற்றூர். 1950-ல் தொடங்கி, பழைய விவசாய இயந்திரங்களுக்கென்றே அங்கே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். இந்த மாதிரி விழாக்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வண்டி ஃபார்மால் எம், 1939 முதல் 1952 வரை தயாரான டிராக்டர். முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 30 கி.மீ.யைத் தொடாது, அதனால் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிற பேச்சே இல்லை, பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில்தான் போகும். வெறும் வண்டியே 2 டன்னைத் தாண்டும். போதாததற்கு, பிடிமானத்துக்காகப் பின் டயர்களுக்குள் தண்ணீரும், குளிரில் உறையாமலிருக்க கால்சியம் குளோரைடும் ஊற்றி வைத்திருப்பார்கள். ஒரு டயருக்கு 200 லிட்டர் என்று வைத்தாலும், இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு அரை டன். பழைய கையேட்டில் போட்டிருக்கும் எடையை நம்பிக் கிளம்புகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, அந்த எடை டிரெய்லரில் எங்கே உட்கார வேண்டும்? மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை மாட்டும் பிக்கப்பின் கொண்டி மேல் அழுந்த வேண்டும், அதாவது சுமையின் ஈர்ப்பு மையம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மையம் பின்னால் போய்விட்டால், எதிரே வரும் லாரியின் காற்று லேசாகத் தட்டினாலே டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். மெதுவாகப் போகும்போது அந்த ஆட்டம் தானே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போய் கடைசியில் பிக்கப்பையும் சேர்த்துச் சுழற்றிவிடும். பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னாலிருக்கும் பாரம் முன்னால் தள்ளி இன்னும் மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிக்கப்பில் உட்கார்ந்தபடியே கையால் இயக்குவதுதான் வழி.

டிராக்டரின் எடையில் பெரும்பங்கு பின் சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. அது சாய்தளத்தில் ஏறும் நேரத்தில் முழுப் பாரமும் டிரெய்லரின் வால் பக்கம் விழும், சீசா பலகை மாதிரி கொண்டிப் பக்கம் மேலே கிளம்பும், பிக்கப்பின் பின் சக்கரங்களும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தானே! அப்புறம் மொத்த வண்டியும் உருளாமல் என்ன செய்யும்? ஏற்றுவதற்கு முன் டிரெய்லரின் பின்முனைக்கு அடியில் கட்டையோ ஜாக்கியோ முட்டுக் கொடுப்பதும் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்கும் கட்டை வைப்பதும் இதற்குத்தான்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். முன்னோக்கிய திசையில் சுமையின் எடையைப்போல் 0.8 மடங்கு இழுவை வரை கட்டு அறுபடாமல் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க லாரிகளுக்கான விதி. 3 டன் டிராக்டருக்கு அது 2.4 டன் இழுவை. ஆனால் சங்கிலிகளின் அனுமதிக்கப்பட்ட பாரம் எல்லாம் சேர்ந்து சுமையின் பாதி இருந்தால் போதும் என்றும் அதே விதி சொல்கிறது. முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இல்லை. சரக்குக் கட்டும் சங்கிலி அறுபடும் பாரம், அதன் மேல் குறித்திருக்கும் அனுமதிக்கப்பட்ட பாரத்தைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. இருந்தாலும் பாதியோடு நிறுத்தாதீர்கள் என்பேன், ஏனென்றால் சங்கிலி 45 பாகை சாய்ந்திருந்தால் அதன் இழுவையில் 70 சதவீதம்தான் முன்பின் திசைக்குக் கிடைக்கும்.

நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, அதுவும் அச்சிலோ சட்டத்திலோ. ஃபார்மாலின் பல வண்டிகளில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒட்டி நடுவில் இருக்கும், அதாவது வண்டி நிற்பது கிட்டத்தட்ட முக்கோணத்தின் மேல், பக்கவாட்டில் சாய்வது சுலபம். அதனால் பின்பக்கச் சங்கிலிகள் அகலமாக விரிந்திருக்கட்டும். ரப்பர் டயர் குழியில் அமுங்கும் கணத்தில் சங்கிலி தளரும், கொக்கி கழன்றுகொள்ளக்கூட வாய்ப்புண்டு. முதல் 80 கி.மீ.க்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். புகைக்குழாயின் வாயையும் கட்டிவிடுங்கள், வழியில் மழை பிடித்தால் தண்ணீர் நேராக இஞ்சினுக்குள் இறங்கும்.